திருப்பக் கூடாத முட்டைகள்

மார்ச் 3, ஞாயிறு. கோத்தகிரி

இன்றோடு முப்பத்தைந்து வாரம் முடிந்தது. வயிற்றுக்குள் எத்தனை உதை விழுகிறது என்று தினமும் மூன்று வேளை எழுதிவைக்கச் சொல்லி டாக்டர் ரெபேக்காவின் உத்தரவு. காலை 11, மதியம் 9, மாலை 12. அதை மட்டும் எழுதிவிட்டு நோட்டை மூட என் கைக்குப் பழக்கமில்லை. நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரையில் ஆறு வருடமாக ஆமை முட்டைப் பொரிப்பகத்தின் பதிவேட்டை எழுதியவள் நான். பங்குனி ஆமை எத்தனை முட்டை இட்டது, எத்தனை மணிக்கு எடுத்துவந்து புதைத்தோம், மணல் சூடு எவ்வளவு என்று எழுதாமல் எனக்குச் சோறு இறங்காது.

பிரசவத்துக்காகப் பிப்ரவரி பத்தாம் தேதி இங்கே மலையேறி வந்துவிட்டேன். என் கணவன் குரு இங்குள்ள கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறான். அவனுடைய செல்லம் மார்கான்ஷியா. ஈரச் சுவரில் பச்சைத் தோல் உரிந்ததுபோல் ஒட்டிக்கிடக்குமே, அது. குளியலறைக்கு வெளியே சாக்கடைச் சுவர் முழுக்க அதுதான். எங்களைப் பார்த்துக்கொள்ளக் கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்திருக்கும் அத்தைக்கு அது கண்ணில் விழுந்த தூசி.

"ஏங்கண்ணு, இந்தப் பாசிய ஒரு தேய் தேய்ச்சு உட்டுட்டா என்ன? புள்ளத்தாச்சி நடக்கற எடம், வழுக்குமல்ல."

"அம்மா, அது பாசியில்ல. தொட்டுப்போடாத."

"ஊட்டுக்காரிய உட அதுமேல பாசம் இவனுக்கு" என்று அத்தை என்னிடம் வந்து முறையிட்டார். நான் அத்தை கட்சி.

மார்ச் 6, புதன்

உள்ளூர் பள்ளி ஆசிரியர்களுக்குக் கல்லூரியில் பயிற்சி முகாமாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு உயிர்களை எடுத்துப் பத்து வேற்றுமையும் ஒரு ஒற்றுமையும் எழுதி அட்டை தயாரிக்க வேண்டுமாம். குரு வெள்ளை அட்டையை விரித்து நடுவே கோடு போட்டான். இடப்பக்கம் பங்குனி ஆமை, வலப்பக்கம் மார்கான்ஷியா.

"உன் ஆளும் என் ஆளும்" என்றான். "நீ சொல்லச் சொல்ல நான் எழுதறேன்."

நாற்பது கிலோ, கையளவு. கடல் கடந்து நீந்தும், சுவரை விட்டு நகராது. நுரையீரல் உண்டு, வேர்கூட இல்லை. ஆமைக்குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு முடிவு செய்கிறது. மார்கான்ஷியாவிலோ ஆண் செடி வேறு, பெண் செடி வேறு, பிறக்கும்போதே தீர்ந்த விஷயம். ஆறு வேற்றுமை வந்ததும் எனக்கு முதுகு வலித்தது. படுத்துக்கொண்டேன். படுக்கும்போது குரு என் வலது முழங்காலைப் பார்த்து, "இந்தத் தழும்பு எப்ப வந்துச்சு?" என்று கேட்டான். கதவில் இடித்துக்கொண்டேன் என்றேன்.

உதை: 10, 10, 9.

மார்ச் 11, திங்கள்

பொரிப்பகத்திலிருந்து தேசிங்கு அண்ணன் இரண்டு முறை கூப்பிட்டார். எடுக்கவில்லை. உதை: 10, 8, 11.

மார்ச் 14, வியாழன்

கோயம்புத்தூர் போய் ஸ்கேன் எடுத்தோம். குழந்தையின் தலை இன்னும் திரும்பவில்லை. என் விலா எலும்புக்கு அடியில் தலையை வைத்துக்கொண்டு, சம்மணம் போட்டதுபோல் உட்கார்ந்திருக்கிறது. பத்து நாளாக விலாவில் கட்டியாக ஒன்று முட்டிக்கொண்டிருந்தது. அதை நான் முதுகு என்று நினைத்துத் தடவிக்கொண்டிருந்தேன்.

"பயப்படாதீங்க தில்லைநாயகி" என்றார் டாக்டர். "வெளியிலேருந்து ரெண்டு கையால மெதுவா புரட்டி விடலாம். தலை கீழ வந்துட்டா சுகப்பிரசவத்துக்கு நல்ல வாய்ப்பு. திங்கக்கிழமை வாங்க. முப்பத்தேழு வாரம் முடிஞ்சிருக்கும்."

புரட்டுவது என்ற சொல்லைக் கேட்டதும் காது அடைத்துப்போனது. குரு ஏதேதோ கேட்டான். எத்தனை பேருக்குப் பலிக்கும் என்றான். இருவரில் ஒருவருக்கு என்றார். கீழே வந்து காரில் ஏறும்வரை என் இரண்டு கையும் வயிற்றின் மேலேயே இருந்தன.

மார்ச் 15, வெள்ளி

உதை: 12, 12, 14. பயத்தில் நானே தட்டித் தட்டி எழுப்பிவிட்டேன்.

குரு அட்டையை முடிக்க உட்கார்ந்தான். ஏழாவது வேற்றுமையை அவனே சொன்னான். மார்கான்ஷியாவின் உடம்பில் குட்டிக் கிண்ணங்கள் உண்டு. கிண்ணத்துக்குள் கடுகைவிடச் சிறிய பச்சை வில்லைகள். அவற்றுக்கு ஜெம்மா என்று பெயர். மழைத்துளி விழுந்தால் தெறித்துப்போய் எங்காவது விழும். விழும்வரை அதற்கு மேல்பக்கமும் கிடையாது, கீழ்ப்பக்கமும் கிடையாது. எந்தப் பக்கம் வெளிச்சத்தைப் பார்த்து விழுகிறதோ அது முதுகாகிவிடும். மற்றப் பக்கம் வேர்நூல் விடும்.

"எப்படிப் பொரட்டிப் போட்டாலும் பொழைச்சுக்கும். உன் ஆளு எப்படி?"

அவனுக்குத் தெரியாமல் இல்லை, முகாமுக்காகக் கேட்கிறான். ஆமை முட்டை இட்ட சில மணி நேரத்தில், உள்ளே இருக்கும் கரு ஓட்டின் மேல்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். அதற்கு முன்னால் எடுத்தால் தப்பில்லை. ஒட்டிய பிறகு முட்டை புரண்டால் கரு செத்துவிடும். அதனால்தான் விடிவதற்குள் எடுத்துவிடுகிறோம். அதனால்தான் நேரத்தை எழுதுகிறோம். புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் இது.

"ஏழாவதுக்கு வேற எதையாவது போடு" என்றேன்.

"ஏன், இதுதான இருக்கறதுலயே நல்ல வேற்றுமை?"

அட்டையைக் கிழித்துவிடுவேன் என்று கத்தினேன். அத்தை அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார். குரு அட்டையைச் சுருட்டிக்கொண்டு போனான்.

மார்ச் 17, ஞாயிறு

தேசிங்கு அண்ணனின் அழைப்பை இன்று எடுத்துவிட்டேன். பதினொரு வருடமாகப் பொரிப்பகத்தில் குழி தோண்டுகிறவர். மீன்பிடிக்கப் போகாத நாளெல்லாம் எங்களோடுதான் இருப்பார்.

"மேடம், பதினாறு, பதினெட்டு ரெண்டு கூடுமே பொரிச்சிருச்சு. நேத்து கடல்ல விட்டாச்சு. பதினேழுதான் ஒண்ணும் அசங்கல. இன்னியோட நாப்பத்தொம்பது நாளு. நான்தான் குழிய ஆழமா தோண்டிட்டனோ என்னவோ, மனசே சரியில்ல."

"இன்னும் ரெண்டு நாள் பாருங்கண்ணே" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

நாளை புரட்டப்போகிறார்கள்.

மார்ச் 18, திங்கள். கோயம்புத்தூர்

நான் ஒரு காரியம் செய்தேன்.

எல்லாம் தயாராக இருந்தது. வயிற்றில் இதயத்துடிப்புக் கருவியைக் கட்டியிருந்தார்கள். தடதடவென்று குதிரை ஓடுவதுபோல் சத்தம். கர்ப்பப்பை தளர்வதற்கு ஊசி போட நர்ஸ் நின்றாள். டாக்டர் ரெபேக்கா வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"எங்கயாவது விழுந்தீங்களா?"

"இல்லை."

"சமீபத்துல ரத்தக் கசிவு ஏதாவது?"

இருந்தால் புரட்ட மாட்டார்கள் என்று எங்கோ படித்திருந்தேன்.

"இருந்துச்சு" என்றேன். "போன புதன்கிழமை. கொஞ்சமா."

டாக்டரின் கை அப்படியே நின்றது. குரு திரும்பி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியவில்லை.

"ஏம்மா அன்னிக்கே வரல? வியாழக்கிழமை என் முன்னாடிதான உக்காந்திருந்தீங்க?"

புரட்டுவது ரத்து. ஆஸ்பத்திரியிலேயே சேர்த்துவிட்டார்கள். எனக்கு முதலில் நிம்மதியாக இருந்தது, அதை மறைக்கப்போவதில்லை.

மார்ச் 19, செவ்வாய்

நச்சுக்கொடி நல்ல இடத்தில்தான் இருக்கிறதாம். ரத்தம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லையாம். "காரணம் தெரியாம வர்றதுதான் எனக்குப் பயம்" என்றார் டாக்டர். எழுந்து நடக்கக் கூடாது. எந்த நேரமும் ஆபரேஷன் செய்ய வேண்டி வரலாம், இரண்டு பேர் ரத்தம் கொடுக்க வேண்டும் என்றார். என் வகை ரத்தம் லேசில் கிடைக்காது. குருவின் மாணவிகள் இரண்டு பேர் விடிகாலை பஸ் பிடித்து மலையிறங்கி வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒருத்திக்குத் தலைசுற்றி, வராந்தாவில் படுக்கவைத்துக் காற்று வீசினார்களாம். என்னைப் பார்க்க வந்தபோது, "மேடம், நீங்க ரெஸ்ட் எடுங்க" என்று எனக்குத் தைரியம் சொன்னாள்.

அத்தை காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. அந்தியூர் சாமிக்கு நேர்ந்திருக்கிறாராம்.

உதை: 9, 9, 7.

மார்ச் 20, புதன்

அட்டையைக் குரு ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்துவிட்டான். முகாம் நாளைக்கு. ஒற்றுமை மட்டும் எழுதவில்லை. என்ன யோசித்தும் வரவில்லை என்றான்.

"ரெண்டு அம்மாவும் பெத்ததத் திரும்பிப் பார்க்கறதில்ல" என்றேன். "அது மணலை மூடிட்டுக் கடலுக்குப் போயிரும். இது மழையில விட்டெறிஞ்சுடும். பிள்ளை என்ன ஆச்சோங்கற பயம் ரெண்டுக்கும் கிடையாது."

அப்படியே எழுதினான். எழுதிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ரத்தக் கசிவை நினைத்து அழுகிறான். இல்லாத ரத்தத்துக்கு.

மார்ச் 21, வியாழன்

கூடு 17-ஐத் திறந்துவிட்டார்கள்.

"நூத்திப் பதினெட்டும் போச்சு மேடம்" என்றார் தேசிங்கு அண்ணன். "ஒண்ணுல கூட குஞ்சு உருவாவல. திட்டத் தலைவரு வந்தாரு. பதிவேட்டப் பொரட்டிப் பாத்தாரு. அதுல காலையில அஞ்சு பத்துக்கு எடுத்ததா இருக்கு, அப்ப நேரம் சரிதான், குழிதான் தப்புன்னுட்டாரு. நாளையிலேருந்து குழிக்கு வேற ஆளாம். எனக்கு அது பெருசில்ல மேடம். நூத்திப் பதினெட்ட கொன்னுட்டமேன்னுதான்."

போனை வைத்துவிட்டேன். இங்கே எழுதிவிடுகிறேன்.

ஜனவரி 28. விடிகாலை நாலு மணிக்குத் தேசிங்கு அண்ணன் தடம் பார்த்து, முட்டை இருக்குமிடத்தில் குச்சி நட்டுவிட்டு எனக்குப் போன் செய்தார். பொரிப்பகத்தில் குழியும் தோண்டி வைத்துவிட்டார். அவர் அன்று கடலுக்குப் போக வேண்டும். நான் போய் எடுப்பதாகச் சொன்னேன். எழுந்ததும் வாந்தி. ஐந்து நிமிடம் படுப்போம் என்று படுத்தவள் கண் விழித்தபோது உச்சி வெயில். வெயிலில் எடுக்கக் கூடாது. மாலை ஐந்து மணி சுமாருக்குப் போனேன். அதற்குள் கரு ஒட்டியிருக்கும், தெரியும். அசையாமல் தூக்கிக்கொண்டு போனால் பிழைக்கலாம் என்று ஒரு நப்பாசை. விட்டுவிட்டால் நாய் தின்னும் என்று ஒரு சமாதானம். வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது மணல் சரிந்தது. முன்பக்கமாக விழுந்தேன். மணலில் கிடந்த சிப்பி முழங்காலைக் கிழித்தது. வயிற்றின் இடப்பக்கம் தரையில் அடித்தது. முட்டைகள் உருண்டு ஓடின. பொறுக்கி, எது மேல் எது கீழ் என்று தெரியாமல் வாளியில் போட்டேன். புதைத்தேன். பதிவேட்டில் காலை 5.10 என்று எழுதினேன்.

அன்று எனக்கு முப்பதாவது வாரம். விழுந்ததைக் குருவிடமும் சொல்லவில்லை, டாக்டரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலையை விடச் சொல்வார்கள். அன்று விழுந்ததில்தான் இந்தப் பிள்ளை தலைமாறிப் போனது என்று நினைக்கிறேன். ஸ்கேன் எடுத்த நாளிலிருந்து வேறு எதையும் நினைக்கவில்லை. நூற்றுப் பதினெட்டைப் புரட்டினவளின் பிள்ளையைப் புரட்டினால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். விலங்கியலில் முதல் வகுப்பில் தேறியவள் கேட்கிற கேள்வியா இது!

மாலை

திரும்பக் கூப்பிட்டேன்.

"அண்ணே, நான் அஞ்சு பத்துக்கு எடுக்கல."

"தெரியும் தங்கச்சி" என்றார். இத்தனை வருடத்தில் முதல்முறையாக மேடம் போய்விட்டது. "படகு கரையேறுற நேரம் பாத்தேன். நீங்க முட்டி போட்டு முட்டையப் பொறுக்கிகிட்டு இருந்தீங்க. ஒத்தாசைக்கு வரலாம்னு நாலு அடி வச்சேன். அழுதுகிட்டு இருந்தீங்க. நான் பாத்தது தெரிஞ்சா இன்னும் கூசிப்போவீங்கன்னு அப்டியே வேற பக்கம் போயிட்டேன்."

"அப்ப ஏன் குழி ஆழம்னு சொன்னீங்க? ஏன் தலைவர்ட்ட சொல்லல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன். பாதியாச்சும் பொழைச்சிருமோன்னு ஒரு ஆசையும் இருந்துச்சு. அம்பது நாளா தெனம் போயி அந்த மண்ணுல காது வச்சுப் பாப்பேன். அது போவுது, புள்ள எப்டி இருக்கு?"

தலை திரும்பவில்லை என்றேன்.

"அன்னிக்கு விழுந்தீங்கள்ல, அத டாக்டரம்மாட்ட சொன்னீங்களா?"

சொல்லவில்லை என்று சொல்வதற்குள் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"மொதல்ல அதச் சொல்லுங்க" என்றார். அதட்டலாகத்தான் சொன்னார்.

மார்ச் 22, வெள்ளி

காலையில் திட்டத் தலைவருக்குக் கடிதம் எழுதி, படமெடுத்து அனுப்பினேன். உண்மையான நேரம், உருண்ட விவரம், குழியில் தப்பில்லை என்பது, மூன்றையும் எழுதினேன்.

பிறகு டாக்டர் ரெபேக்கா வந்தபோது குருவை வைத்துக்கொண்டே சொன்னேன். ரத்தக் கசிவு பொய். விழுந்தது நிஜம்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "உங்க பொய்யை நம்பி நாளைக்கே வயித்தைக் கிழிச்சிருப்பேன். தெரியுமா? எதுக்கு?"

முட்டைக் கதையைச் சொன்னேன். சொல்லும்போதே அசட்டுத்தனமாகத்தான் இருந்தது. ஆனால் பயம் குறையவில்லை.

"இங்க பாருங்க" என்றார். கோபம் போகவில்லை, குரல் மட்டும் இறங்கியது. "உங்க குழந்தை ஓட்டுல ஒட்டிக்கிட்டு இல்ல. தண்ணியில மிதக்குது, முழ நீளக் கொடியில தொங்குது. முப்பதாவது வாரத்துல அது தெனம் நாலு தடவை குட்டிக்கரணம் போட்டிருக்கும். நீங்க விழுந்து அது மாறல. ஆபத்தே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். நூத்துல ஒண்ணு ரெண்டுல துடிப்பு இறங்கும். இறங்கினா பக்கத்து ரூம்தான் தியேட்டர். முடிவு உங்களோடது."

அவர் போனதும் குரு ஜன்னல் பக்கம் போய் நின்றான்.

"கதவுல இடிச்சேன்னு சொன்ன."

"ம்."

"எனக்குத் திட்டக்கூட வரல தில்லை" என்று வெளியே போய்விட்டான். ஒரு மணி நேரம் கழித்து வந்து, தட்டில் இட்லியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தான். "சாப்புடு. அப்பறம் அந்தப் பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் நீயே போன் பண்ணிச் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

சொன்னேன். தலைசுற்றி விழுந்தவள், "பரவால்ல மேடம், வேற யாருக்காவது ஆகும்" என்றாள். அதற்கு அவள் திட்டியிருக்கலாம்.

மார்ச் 23, சனி

புரட்டச் சம்மதித்தேன்.

ஊசி போட்டதும் என் நெஞ்சு படபடத்தது. டாக்டர் ஒரு கையைக் குழந்தையின் தலைமேலும் இன்னொரு கையைக் கீழேயும் வைத்து அழுத்தினார். வலி. அதைவிட அந்தச் சத்தம். நூற்று நாற்பத்திரண்டு, நூற்று நாற்பது. குரு என் கையைப் பிடித்திருந்தான். வயிற்றுக்குள் ஒரு முழு உடம்பு பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போவது தெரிந்தது. என்னால் பார்க்க முடியவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன். மூடியதும் மணலில் உருளும் முட்டைகள்.

"வந்துருச்சு" என்றார் டாக்டர். உடனே, "ஒரு நிமிஷம்" என்றார்.

சத்தம் மெதுவாகிவிட்டது. நூற்றுப் பத்து. தொண்ணூறு. எண்பத்தி நாலு. நர்ஸ் என்னை இடப்பக்கம் புரட்டினாள். யாரோ தியேட்டர் கதவைத் திறந்தார்கள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன், ஒவ்வொரு துடிப்பாக. நான் எண்ணுவதை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும் என்று இருந்தது. குரு எதையோ சொன்னான், கேட்கவில்லை. எண்பத்தெட்டு. எண்பத்தெட்டு. தொண்ணூற்றாறு. நூற்றிருபது.

நூற்று முப்பத்தெட்டு.

"இப்ப சரியாயிடுச்சு" என்றார் டாக்டர். அவர் நெற்றியிலும் வியர்வை. மூன்றரை நிமிடம்தானாம்.

உதை: எண்ணவில்லை. நிறைய.

மார்ச் 25, திங்கள்

திட்டத் தலைவரின் பதில் வந்தது. தேசிங்கு அண்ணன் மறுபடி குழி தோண்டுகிறார். தலைவரே அவரிடம் நேரில் போய் வருத்தம் சொன்னாராம். அடுத்த இரண்டு பருவத்துக்கு நான் முட்டையையும் தொடக் கூடாது, பதிவேட்டையும் தொடக் கூடாது. படித்ததும் வயிற்றெரிச்சலாக இருந்தது. சரிதான், அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது.

மார்ச் 27, புதன்

வீட்டுக்கு அனுப்பிய பிறகு வாராந்திர பரிசோதனை. டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி தொட்டார். ஸ்கேனை இழுத்தார்.

தலை மறுபடியும் என் விலா எலும்புக்கு அடியில். தானாகவே திரும்பி, பழையபடி சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. துடிப்பு நூற்று நாற்பத்தைந்து.

"நாம பொரட்டினதுல இதுக்கு ஒண்ணும் ஆகல" என்றார் டாக்டர். "பிடிக்கல, அவ்ளோதான்."

நான் சிரித்தேன். வாய்விட்டு, நர்ஸ் எட்டிப் பார்க்கும்படி சிரித்தேன். அத்தை என் தலையில் கை வைத்து, "நம்மூட்டுப் புடிவாதம் கண்ணு. இவங்கப்பனும் இப்படித்தான்" என்றார். இன்னொரு முறை புரட்ட வேண்டாம், முப்பத்தொன்பது முடிந்ததும் ஆபரேஷன் என்று முடிவானது.

மார்ச் 31, ஞாயிறு

மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்தாயிற்று. நாளை காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். மதியம் நர்ஸ் படிவம் கொண்டுவந்தாள். என் கையாலேயே நிரப்பினேன்.

கர்ப்ப காலத்தில் விழுந்தது உண்டா: உண்டு. ஜனவரி 28, மாலை ஐந்து மணி சுமார். மணலில். வயிற்றின் இடப்பக்கம் பட்டது.

ரத்தக் கசிவு: இல்லை. ஒருமுறை இருந்ததாகப் பொய் சொன்னேன்.

கடைசிவரை பார்த்தேன். பயம் உண்டா என்று எங்கேயும் கேட்கவில்லை. ஓரத்தில் காலியாக இருந்த இடத்தில் நானே எழுதினேன்: பயம் உண்டு.

நர்ஸ் அதை வாசித்தாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டிவிட்டு, என் பக்கத்தில் கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.